ஒன்றும் செய்யாதிருக்க இரண்டு நாட்கள்: பீல் ஏரியின் முந்திரிகைக் கரை

சுவிற்சர்லாந்துக்கு உறவினரைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒரு சுற்றுலாப் பட்டியல் இருக்கிறது. ரைன் நீர்வீழ்ச்சி, லுற்சேர்ண் மரப்பாலம், இன்ரலாக்கன், ரிற்லிஸ் பனிமலை, கடைசியாக ஜெனீவாவில் ஐ.நா. சபைக்கு முன்னால் நிற்கும் கால் முறிந்த கதிரை. கார் நிறைய ஆட்கள், பின்பெட்டியில் புளிச்சாதமும் ரோல்ஸும், ஒரே நாளில் முந்நூறு கிலோமீற்றர். இரவு வீடு திரும்பும்போது தொலைபேசி நிறையப் படங்கள் இருக்கும். எல்லோருக்கும் கால் உளையும்.

அந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஓர் இடத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பேர்ண் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள் போய்விடலாம். பீல் ஏரியின் வடகரை. துவான், லீகெர்ட்ஸ், லா நெவ்வீல் என்று ஒன்றையடுத்து ஒன்றாகச் சின்ன ஊர்கள். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் யூரா மலைச்சரிவு. சரிவு முழுவதும் கல் அணைகளால் படிப்படியாகக் கட்டப்பட்ட முந்திரிகைத் தோட்டங்கள்.

பட்டியலில் அது இல்லாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அங்கே போய் "இதைத்தான் பார்த்தோம்" என்று சொல்ல ஒரு பெரிய பொருள் கிடையாது. இரண்டாவது, அது வைன் செய்கிற ஊர். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற இடமா அது என்ற தயக்கம். இந்த இரண்டு காரணங்களுமே அங்கு போவதற்கான காரணங்கள் என்று நான் நினைக்கிறேன். குறிப்பாக, இந்த நாட்டுக்கு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து, வேலை செய்தே வயதுபோன ஆட்களை மனதில் வைத்துத்தான் இந்தத் திட்டத்தைச் சொல்கிறேன்.

சிறிய கரை, பழைய தொழில்

பீல் ஏரி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம். பக்கத்தில் நொய்ஷாத்தெல், முர்ற்றன் என்று இன்னும் இரண்டு ஏரிகள். அந்தப் பகுதியையே மூன்று ஏரிகளின் நாடு என்றுதான் அழைப்பார்கள். பீல் ஏரியைச் சுற்றியுள்ள முந்திரிகைத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 220 ஹெக்டேயர்தான். வெள்ளை வைனுக்கு ஷாஸ்லா, சிவப்புக்குப் பினோ நுவார், இவை இரண்டுமே முக்கியமான இனங்கள். பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் தோட்டங்கள். செய்கிற வைனில் பெரும்பகுதி பேர்ணிலும் பீலிலும் சுற்றுவட்டாரத்திலுமே குடித்து முடிந்துவிடும். சுவிஸ் வைனில் ஏற்றுமதியாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்பதால், இந்த நாட்டுக்கு வெளியே அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே அரிது.

வீடுகளைக் கவனித்துப் பாருங்கள். துவானிலும் லீகெர்ட்ஸிலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி, ஒடுங்கி, உயர்ந்து நிற்கும். முந்திரிகை விளையும் நிலத்தில் ஓரடியைக்கூட வீட்டுக்கு விடக்கூடாது என்று கட்டியவை. கீழ்த்தளத்தில் வைன் பீப்பாய் வைக்கும் நிலவறை, அதன் மேலே குடும்பம். தெற்கு நோக்கிய சரிவு, ஏரியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், பகல் முழுக்கச் சூடேறி இரவில் அதை விடும் கல் அணை. இத்தனையும் சேர்ந்துதான் குளிர்நாடொன்றில் முந்திரிகையைப் பழுக்க வைக்கின்றன.

வைன் ஊர் என்றதும் பலரும் லாவோவைச் சொல்வார்கள். லொசானுக்கும் வெவேக்கும் இடையில், ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் அந்தத் தோட்டங்கள் 2007 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. அழகில் பீல் கரை அதற்கு ஈடில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெயில் அடிக்கும் ஒரு சனிக்கிழமை லாவோ நடைபாதையில் நீங்கள் மற்றவர்களின் படங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டியிருக்கும். ஆறுதலாக இருக்கப் போகிறவர்களுக்குப் பீல் கரை மேல்.

குடிக்காதவர்களுக்கும்தான்

பெரியப்பாவிடம் இந்தப் பயணத்தைப் பற்றி முதலில் சொன்னபோது, "என்ன பிள்ளை, குடிகாரற்றை ஊருக்கோ கூட்டிக்கொண்டு போறாய்?" என்றுதான் கேட்டார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தா. நம் வீடுகள் பலவற்றில் மதுவோடு சேர்ந்து வரும் கதைகள் நல்ல கதைகள் இல்லை. அந்தத் தயக்கத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் முந்திரிகை நமக்கு அந்நியமான பயிரில்லை. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் பந்தலில் குலைகுலையாகத் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகளின் வைனும் நெல்லிரசமும் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதனால் துவானில் இறங்கியதும் பெரியப்பா முதலில் பார்த்தது ஏரியை அல்ல. வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டி, இடுப்பளவிலும் நெஞ்சளவிலும் நிறுத்தப்பட்ட கொடிகளைத்தான் பார்த்தார். "பந்தல் போடேல்லையே? நிழல் வேண்டாமோ?" என்றார். நிழலைத் தேடுவது நமது ஊர். வெயிலைத் துரத்திப் பிடிப்பது இந்த ஊர். பந்தலுக்குப் பதிலாக வரிசை ஏன் என்பதற்கு அவ்வளவுதான் விளக்கம். அடுத்த அரைமணி நேரம் அவர் கொடி வெட்டியிருக்கும் விதத்தையும், அணைக்கட்டில் மழைநீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல காட்சி பனிமலையில் கிடையாது.

வைனைச் சுவைக்க விரும்புகிறவர்கள் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. தோட்டக்காரரின் நிலவறைக்குப் போவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு நேரம் வைக்க வேண்டும். அது அவர்களுடைய வீடும்கூட. ஞாயிறன்று பெரும்பாலும் கதவு திறக்காது. துவானில் இப்பகுதித் தோட்டக்காரர் பலரின் வைன்களையும் ஓரிடத்தில் வைத்து விற்கும் ஒரு சுவைக்கூடம் இருக்கிறது; முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே சுலபம். சிறிதளவு ஊற்றித் தருவார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அங்குள்ள பாத்திரத்தில் துப்பினால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். சுவைத்த பிறகு ஒரு போத்தலாவது வாங்கிக்கொண்டு வருவது மரியாதை. குடிக்காதவர்களுக்கு முந்திரிகைச் சாறு கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். செப்ரெம்பர், ஒக்ரோபரில் "சௌசர்" என்று ஒன்று விற்பார்கள். கலங்கலாக, இனிப்பாக, பழச்சாறு போலவே இருக்கும். அது நொதித்துக்கொண்டிருக்கும் புது வைன்; அதில் மதுசாரம் உண்டு. சாறு என்று நினைத்துப் பிள்ளைகளுக்கோ மருந்து எடுக்கும் முதியவர்களுக்கோ கொடுத்துவிடாதீர்கள். வாகனம் ஓட்டுவோருக்குச் சுவிஸில் இரத்தத்தில் மதுசார வரம்பு 0.5 புரோமில்; சாரதிப் பத்திரம் எடுத்து முதல் மூன்று ஆண்டுச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு 0.1, அதாவது ஒரு கிளாஸ்கூட முடியாது. காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போவதே சரி.

எப்போது போவது

கொடிகள் தளிர்க்கும் ஏப்ரல் கடைசி, மே மாதம் எனக்குப் பிடித்த காலம். கோடையில் ஏரியில் நீந்தலாம்; அதற்கேற்பக் கூட்டமும் இருக்கும். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை அறுவடை. இலை மஞ்சளாகும் அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் அழகு. ஆனால் ஒக்ரோபர் பிற்பகுதியில் துவானில் வைன் விழா நடக்கும் வார இறுதியைத் தவிருங்கள். விழாவுக்கென்று போகிறவர்களுக்கு அது சரி. அமைதிக்கென்று போகிறவர்களுக்கு அல்ல. அறுவடைக்கு முன் பறவைகளுக்காக வலை கட்டியிருப்பார்கள். பழுத்த குலை வழியோரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கும். பறிக்கக் கூடாது. "ஒண்டுதானே" என்று நாம் சொல்லலாம். அன்று அந்த வழியால் நூறு பேர் நடப்பார்கள்.

சனிக்கிழமை

இந்தத் திட்டத்தின் ஒரே விதி: ஒரு நாளுக்கு ஒரு வேலை. சனிக்கிழமைக்கு நடை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தீவு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க யாராவது முயன்றால் மறுத்துவிடுங்கள்.

பீல் நகருக்கு பேர்ணிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். சூரிச்சிலிருந்தும் பாசலிலிருந்தும் ஒன்றேகால் மணிநேரம் அளவில். பீலில் மாறி நொய்ஷாத்தெல் போகும் பிராந்திய ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்தில் துவான். வெள்ளிக்கிழமை இரவே புறப்பட வேண்டியதில்லை. சனி காலை ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போய் இறங்கலாம். பீல் நிலையத்தில் இறங்கும்போதே பழமும் பாணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் கடைகள் குறைவு. ஞாயிறு எல்லாமே பூட்டு. பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டுமே திறந்திருக்கும்.

துவானிலிருந்து லீகெர்ட்ஸுக்குத் தோட்டங்களுக்கு நடுவால் போகும் பாதை மூன்று கிலோமீற்றர் அளவு. வேகமாக நடந்தால் ஒரு மணிநேரம்கூட வேண்டாம்; நாங்கள் மூன்று மணிநேரம் எடுத்தோம். பாதையில் வாங்குகள் உண்டு. ஊர்களுக்குள் இருக்கும் நீர்த்தொட்டிகளில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம். குடிக்கக் கூடாதென்றால் "கைன் ட்ரிங்க்வாசர்" என்று எழுதிப் போட்டிருப்பார்கள். கீழே கரையோரமாக ரயில்பாதையும் பெருந்தெருவும் போவதால் கரையில் இரைச்சல் இருக்கும். சரிவில் ஐம்பது மீற்றர் ஏறியதும் குறைந்துவிடும். அமைதி தேடுகிறவர்கள் ஏரியை ஒட்டி அறை எடுக்காமல் மேலே எடுப்பது நல்லது என்பதை அங்கு ஓரிரவு கழித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பாதை முடியுமிடத்தில் லீகெர்ட்ஸ் தேவாலயம். ஏறத்தாழ 500 ஆண்டு பழமையானது. ஊரை விட்டுத் தள்ளி, தோட்டங்களுக்கு நடுவில் வெள்ளையாகத் தனித்து நிற்கும். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் யாருக்காவது திருமணம் நடந்துகொண்டிருக்கும். அதன் மதிலில் சாய்ந்து நின்றால் ஏரியும், நடுவில் தீவும், வானம் தெளிவாக இருந்தால் அப்பால் அல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. லீகெர்ட்ஸிலிருந்து மேலே ப்ரெல் என்ற ஊருக்கு 1912 முதல் ஓடும் கம்பியிழுவை ரயில் ஒன்று உண்டு. 380 மீற்றருக்கும் மேல் உயரத்தைச் சில நிமிடங்களில் ஏற்றிவிடும். இடையில் தோட்டப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு நிறுத்தமும் இருக்கிறது. மேலே போய்விட்டு நடந்து இறங்கலாம் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதி. இரண்டு வழிக்கும் ரிக்கற் எடுங்கள்.

துவானுக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு அருவிப்பாதையும் இருக்கிறது. இளையவர்களுக்கு நல்லது. கல் விழும் காலங்களில் மூடிவிடுவதால் போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் போகவில்லை. ஒரு நாளுக்கு ஒரு வேலை.

மாலை நான்கரை மணிக்கு ஓர் உணவகத்தின் வெளி மேசையில் இருந்தோம். எனக்கு வெள்ளை வைன், அவர்கள் இருவருக்கும் சாறு. பரிமாறுகிற பெண் மூவருக்கும் ஒரே மாதிரியான கால்வைத்த கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா தன்னுடையதை ஊற்றுவதற்கு முன் எடுத்து, தண்டைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிச் சுற்றிப் பார்த்தார். நீர்க்கறை இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. 27 வருடம் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். முதல் நான்கு வருடம் பாத்திரம் கழுவுகிற வேலை. "உது மெசினில போட்டால் வெள்ளை பிடிக்கும், கையாலைதான் துடைக்கவேணும்," என்றார். பிறகு, "நல்லாத் துடைச்சிருக்கு," என்று கிளாஸை வைத்தார்.

சுவிற்சர்லாந்தில் இலங்கைப் பின்னணி கொண்ட தமிழர்கள் சுமார் 50,000 பேர் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். முதல் தலைமுறையில் பெரும்பங்கினர் உணவகச் சமையலறை, துப்புரவு, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்றே தொடங்கினார்கள். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாளில்தான் இவற்றுக்கு ஆள் கூடுதலாகத் தேவை. சனிக்கிழமை இரவு மண்டபம் நிறையக் கூட்டம் என்றால் சமையலறையில் ஒருவருக்கும் விடுப்பு இல்லை. கிடைத்த திங்கள், செவ்வாயில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பயணமுகவரின் கடன், தங்கச்சியின் கலியாணம், ஊரில் வீடு என்று மேலதிக மணிநேரங்களுக்குக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

அடுத்த தலைமுறைக்கு வார இறுதி கிடைத்தது. அதைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், நடன வகுப்பு, கோயில், பிறந்தநாள் மண்டபம், சாமத்தியச் சடங்கு என்று நிரப்பிக்கொண்டோம். அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பெரியப்பாவிடம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த நாட்டில் சும்மா இருந்தது எப்போது என்று கேட்டபோது அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கொரோனா முடக்கத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

துவானிலிருந்தோ லீகெர்ட்ஸிலிருந்தோ கப்பலில் அரைமணிக்கும் குறைந்த நேரத்தில் சென் பீற்றர் தீவு. ஏரியின் நடுவில் காடும் புல்வெளியும் ஒரு பழைய மடமும் உள்ள சிறிய நிலம். கார் கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் குளூனி சபைத் துறவிகள் அமைத்த மடத்தின் கட்டடம் இப்போது விடுதியும் உணவகமுமாக இருக்கிறது. கப்பல்கள் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரையே முறையாக ஓடும். குளிர்காலத்தில் மிகக் குறைவு. தீவில் வடக்கு, தெற்கு என்று இரண்டு இறங்குதுறைகள் இருப்பதால் திரும்பும் கப்பல் எதிலிருந்து என்பதை இறங்கும்போதே பார்த்து வையுங்கள்.

உண்மையில் அது இப்போது தீவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி வெள்ளத்தைக் கட்டுப்படுத்த ஆறுகளைத் திசைதிருப்பி வாய்க்கால் வெட்டியபோது ஏரியின் மட்டம் இரண்டு மீற்றருக்கும் மேல் இறங்கியது. அதுவரை தண்ணீருக்கடியில் இருந்த ஒரு நீண்ட மணல்திட்டு வெளியே வந்து தீவைக் கரையோடு இணைத்துவிட்டது. அந்தத் திட்டின் மேலால், நாணல்களுக்கு நடுவே, எர்லாக் என்ற பழைய நகருக்கு நடந்தே போகலாம். ஐந்து கிலோமீற்றர் அளவு, மட்டமான பாதை. நடக்க முடிந்தவர்களுக்கு இது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஒன்றரை மணிநேரம்.

இந்தத் தீவுக்கு ஓர் அகதியின் கதை உண்டு. தத்துவவாதி ரூசோ 1762 இல் வெளியிட்ட 'எமில்', 'சமூக ஒப்பந்தம்' ஆகிய நூல்களுக்காகப் பாரிஸ் அவரைக் கைதுசெய்ய ஆணையிட்டது. அவர் பிறந்த ஜெனீவாவே அந்த நூல்களை எரித்தது. தப்பி வந்தவர் முதலில் பேர்ண் ஆட்சிக்குட்பட்ட இவெர்டோனில் தங்கினார். பேர்ண் வெளியேறச் சொன்னது. பிறகு நொய்ஷாத்தெல் பகுதியில் மொத்தியே என்ற ஊர். மூன்று ஆண்டுகள் இருந்தார். 1765 செப்ரெம்பரில் ஓரிரவு அவருடைய வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். அங்கிருந்து ஓடி வந்து சேர்ந்த இடம்தான் இந்தத் தீவு. மடத்துக் கட்டடத்தில் குடியிருந்த தீவின் காரியக்காரர் வீட்டில் ஓர் அறை. ஆறு வாரங்கள். செடிகளைச் சேகரித்தார். படகை ஏரி நடுவே விட்டுவிட்டு அதில் படுத்துக் கிடந்தார். பக்கத்துச் சின்னத் தீவில் முயல்களைக் கொண்டுபோய் விட்டார்.

தீவும் பேர்ணுக்கே சொந்தம். ஒக்ரோபரில் பேர்ண் மறுபடியும் வெளியேறும் ஆணை அனுப்பியது. அதற்கு அவர் செய்த வேண்டுகோள் என்னை நெடுநேரம் அந்த அறை வாசலில் நிறுத்தி வைத்தது. தன்னைத் துரத்த வேண்டாம், வேண்டுமானால் சிறைக்கைதியாகவே இருக்க விடுங்கள் என்று எழுதினார். அதையும் ஏற்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் எழுதி, இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1782 இல் வெளியான நூலில், தன் வாழ்வில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த காலம் இந்த ஆறு வாரங்களே என்று பதிந்திருக்கிறார்.

அன்றைய பேர்ண் குடியரசும் இன்றைய கூட்டாட்சி அரசும் ஒன்றல்ல. ஆனாலும் "பேர்ணிலிருந்து கடிதம்" என்ற சொற்கள் முதல் தலைமுறைத் தமிழருக்கு என்ன பொருள் தந்தன என்பது அவர்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தஞ்சக் கோரிக்கை பற்றிய முடிவு அங்கிருந்துதான் வரும். நிராகரிக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப 1994 இல் இலங்கையோடு ஓர் உடன்பாடும் செய்தார்கள். ரூசோவின் கதையை நான் சொல்லி முடித்தபோது பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "எத்தினை நாள் தவணை குடுத்தவங்களாம்?" பெரியம்மா சிரித்தா. அவர்களுக்கு வந்த முதல் நிராகரிப்புக் கடிதத்தில் இருந்த திகதி இருவருக்கும் இன்னும் மனப்பாடம். அதை இங்கே எழுத வேண்டாம் என்றார்கள்.

ரூசோவின் அறையை இப்போதும் பார்க்கலாம். கட்டில், மேசை, யன்னல். பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு மரங்களுக்கடியில் கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்தோம். பெரியம்மா பான்சீட்டை விரித்து அரைமணி நேரம் நித்திரை கொண்டா. நான் அவ பகலில் படுத்துப் பார்த்ததே இல்லை, காய்ச்சலுக்குக்கூட.

கணக்குவழக்கு

சுவிஸில் எதுவும் மலிவில்லை. செலவைக் குறைக்க இரண்டு வழிகள். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் ரயிலோடு கப்பலுக்கும் அதைக் காட்டலாம். ஊரிலிருந்து விருந்தினராக வந்தவர்களுக்கு நகரசபைகள் மூலம் விற்கும் மலிவு நாள்பயணச் சீட்டு வசதி. எண்ணிக்கை மட்டுப்பட்டது, முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டில், மதியம் கட்டிக்கொண்டு போய் இரவு மட்டும் உணவகத்தில் சாப்பிடலாம். இங்கு ஏரி மீன் பெயர்போனது. எக்லி என்ற சின்ன மீனை முள் நீக்கிப் பொரித்துத் தருவார்கள். உறைப்பு எதிர்பார்க்காதீர்கள். பல உணவகங்களுக்கு வாரத்தில் ஒன்றோ இரண்டோ ஓய்வுநாட்கள் உண்டு. கோடை வார இறுதிகளில் மேசைக்கும் அறைக்கும் முன்பதிவு வேண்டும். இந்தச் சிறிய ஊர்களில் படுக்கைகள் அதிகம் இல்லை. அறை கிடைக்காவிட்டால் பீல் நகரில் தங்கி இரண்டு நாளும் ரயிலில் வந்து போகலாம். ஆனால் கடைசிக் கப்பல் போன பிறகு ஊர் அடங்கும் அந்த மாலையை இழப்பீர்கள்.

ரயில் நேரத்தைப் பழைய கட்டுரைகளில் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். துவானுக்கும் லீகெர்ட்ஸுக்கும் இடையில் ஒற்றைப் பாதையாக இருந்த இடத்துக்குப் பதிலாக மலைக்குள் இரட்டைப் பாதைச் சுரங்கம் அமைக்கும் திட்டத்தோடு, லீகெர்ட்ஸ் நிலையத்தை மூடிப் பஸ் விடுவதாக ஏற்பாடு. புறப்படும் அன்று அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பிறகு கப்பலையும் விசாரிக்க வேண்டும். 2021 யூலையில் ஏரி கரைமீறியபோது கப்பல்கள் ஓடவில்லை.

நேரமிருந்தால் திரும்பும் வழியில் லா நெவ்வீலில் இறங்கி ஒரு கோப்பி குடிக்கலாம். 14ஆம் நூற்றாண்டில் மதில் கட்டி எழுப்பிய சிறு நகரம். பக்கத்து ஊரில் ஜெர்மன் மொழி, இங்கே பிரெஞ்சு. நடுவில் சில தோட்டங்கள் மட்டும். இரண்டு மொழிக்காரரும் ஒரே மாநிலம். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

பெரியப்பா இப்போது குளிர்காலத்தில் ஒருமுறை போக வேண்டும் என்கிறார். சனவரி முதல் மார்ச் வரை, முந்திரிகைச் சக்கையிலிருந்து சாராயம் வடிக்கும் கொதிகலனுக்குள் சொசேஜ்களை வைத்து அந்த ஆவியில் அவித்துப் பரிமாறுவது இந்தக் கரையின் வழக்கம். அதைத் தின்ன அல்ல, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அந்த மாதங்களில் ஏரி முழுக்க மூடுபனிக்குள் கிடக்கும். கீழே ஒன்றும் தெரியாத நாளில் லீகெர்ட்ஸிலிருந்து கம்பியிழுவை ரயிலில் ஏறுங்கள். பனி தாழ்வாக இருந்தால் ப்ரெல்லில் இறங்கும்போது மேலே வெயில். கீழே ஏரி இருந்த இடத்தில் வெள்ளையாகப் பனிக்கடல். கையுறையை மறக்க வேண்டாம்.